நிலக்கரி பூமியின் வைத்திய சரித்திரம்

தென்னார்க்காடு ஜில்லாவின் செம்மண் பிரதேசத்தில், 1930-களின் நடுப்பகுதியில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது நீரோடு மேலே வந்த கறுப்புப் பொருள் பழுப்பு நிலக்கரி என்று நிச்சயிக்கப்பட்டு, அதன் பயனாக 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியதைத் தமிழர் அறிவர். அந்தச் சுரங்கத்தின் அண்டையிலுள்ள கம்மாபுரம் வட்டாரத்தில், அதே காலத்தில், இரு வேறு நியாயங்களைத் தழுவிய இரு வைத்திய ஏற்பாடுகள் அருகருகே வேரூன்றின.

ஒன்று தொழிலைச் சார்ந்தது. 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டு, மறு ஆண்டே அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்க, எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்ட நகரியத்தில் தொழிலாளர் குடும்பங்களின் நலத்துக்கென்று பொது மருத்துவமனையும் எழுந்தது. உழைப்பவனுடைய தேக ஆரோக்கியம் உற்பத்திக்கு இன்றியமையாதது என்று கண்ட அந்த ஏற்பாடு போற்றத்தக்கதே; எனினும், அதன் எல்லையை முதன்மையாக வகுத்தது நோயன்று, வேலைப் பதிவேடு.

மற்றொன்று ஜனத்தொகையைச் சார்ந்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு டாக்டரே இருந்ததைக் கண்டு மனம் வருந்திய, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு, 1946-ல், பணம் கொடுக்க இயலாமையின் பொருட்டு எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்ற தத்துவத்தை முன்வைத்து, உடனடித் திட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டுமென்றது. அக்குழுவில் அங்கம் வகித்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரே, 1959-ல் நியமிக்கப்பட்ட மற்றொரு குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட இருப்பவற்றைப் பலப்படுத்துவதே முதற்கடமை என்று கூற நேர்ந்தது. கட்டடம் எழுந்த வேகத்தில் டாக்டரும் மருந்தும் கருவியும் கிராமத்துக்கு வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

கிராமங்களில் அந்தத் தத்துவத்தை இன்றும் தாங்கி நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமைதோறும் பனிக்கட்டிப் பெட்டியில் தடுப்பூசி மருந்தைக் கொணர்ந்து, கைக்குழந்தைகளை எடைபோட்டு, கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும் அவருடைய உழைப்பால் காக்கப்பட்ட உயிர்கள் அநேகம். ஆயினும், பிரசவம் சிக்கலானாலோ, தலையில் பலத்த அடி பட்டாலோ, ‘மேல் சிகிச்சைக்கு’ என்று எழுதிய சீட்டோடு விருத்தாசலத்துக்கும், அங்கிருந்து கடலூருக்கும், அதற்கும் அப்பால் புதுச்சேரி ஜிப்மருக்கும் போக வேண்டிய நிலையே நெடுங்காலம் இருந்துவந்தது. 1985-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சிதம்பரம் மருத்துவக் கல்லூரி 2021-ல் சுகாதாரத் துறையின் வசம் வரும்வரையில், கடலூர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை.

சுரங்கத்துக்கு விளைநிலம் கொடுத்தவை இந்த வட்டாரத்துக் கிராமங்கள்; அந்தக் கரியிலிருந்து பிறக்கும் மின்சாரமோ அண்டை ராஜ்யங்களையும் ஒளிபெறச் செய்கிறது. ஒரு வட்டாரத்தின் செல்வத்தைத் தேசத்தின் பொதுச் சொத்தாகக் கருதும் அரசு, உயர்தர வைத்தியத்தையும் அவ்விதமே கருதக் கடமைப்பட்டது. நெய்வேலியின் வசதியைக் குறைப்பது நீதியாகாது. அறுவை நிபுணரும், மகப்பேறு டாக்டரும், இரத்த வங்கியும் இராப்பகல் கிடைக்கும்படி கம்மாபுரத்தையும் விருத்தாசலத்தையும் உயர்த்துவதே நீதி. 1946-ல் தேசத்துக்குக் கொடுத்த வாக்கு அதுதான். அதை நிறைவேற்றுமாறு கேட்கும் உரிமை இந்த மண்ணின் ஜனங்களுக்கு உண்டு.