‘சுளுக்குதான்’னு விட்டுடாதீங்க... மணிக்கட்டில் மறைந்திருக்கும் எலும்பு முறிவு!

பைக் சறுக்கி விழும்போது நம்மையறியாமல் கையை ஊன்றிவிடுவோம். லேசான வீக்கம், கொஞ்சம் வலி. ‘சுளுக்குதான்’னு தைலம் தேய்ச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம். ஆனா, உடைந்திருப்பது ‘ஸ்கேபாய்டு’ எலும்பாகக்கூட இருக்கலாம். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் அதிகம் உடைவது இதுதான்.

எப்படிச் சந்தேகப்படுவது?

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால், அதன் அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? எலும்பு மருத்துவரைப் பாருங்க.

எக்ஸ்ரே நார்மலா?

முதல் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போகலாம். அதனால்தான் கட்டு போட்டு அனுப்பி, 10 - 14 நாள்களில் மறுபடியும் எக்ஸ்ரே எடுப்பாங்க, அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பாங்க. வலி குறைஞ்சிடுச்சுன்னு நீங்களே கட்டைக் கழற்றிடாதீங்க.

ஏன் அலட்சியம் கூடாது?

இந்த எலும்புக்குப் பெரும்பகுதி ரத்தம் விரல் பக்க முனையிலிருந்துதான் வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். எலும்பு கூடாமல், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரலாம்.

சிகிச்சை என்ன?

எலும்பு விலகாமல் இருந்தால், பொதுவாக 6 - 12 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தால் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ பொருத்துவாங்க. சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

விழுந்ததும்...

* வீங்கும் முன்பே மோதிரம், வாட்ச்சைக் கழற்றிடுங்க.

* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்க.

* யாரையும் உருவிவிட மட்டும் விடாதீங்க!