‘இளம்’ என்பதற்கு எது கணக்கு? பெண் ஆய்வாளர்களும் வயது வரம்பும்

1940களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில், சி. வி. ராமனின் ஆய்வகத்தில், அன்னா மணி வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்துவந்தார். கல்லைத் திரவக் காற்றின் குளிர்நிலையில் வைத்து, அதிலிருந்து வரும் மங்கிய ஒளியை நிழற்படத் தகட்டில் பதிக்க வேண்டும். ஒரு பதிவுக்கே 15 முதல் 20 மணி நேரம் பிடித்தது. பல இரவுகள் அவர் ஆய்வகத்திலேயே உறங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன. 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. இத்தனைக்கும் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தவர்.

பட்டம் இல்லாமலே அவர் வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார். கே. ஆர். ராமநாதன் பதக்கம் 1987இல் வந்தபோது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். அவரைத் தடுத்த விதியில் ‘பெண்’ என்ற சொல்லே கிடையாது. எல்லாருக்கும் ஒன்றுபோலத் தோன்றிய அந்த விதி, கண்முன் இருந்த ஆய்வை விட்டுவிட்டு வேறொன்றை அளந்தது. இன்றைய இளம் ஆய்வாளர் விருதுகளின் வயது வரம்பும் இத்தகையதே என்பது என் வாதம்.

வயதை ஏன் அளக்கிறோம்? பெயர்பெற்ற மூத்தவர்களோடு புதியவர்களை மோதவிடக் கூடாது என்பதற்காக. நோக்கம் நியாயமானது. ஆனால் ஒருவர் புதியவரா என்பதை அவர் ஆய்வு செய்த ஆண்டுகள் சொல்லும்; பிறந்த ஆண்டு சொல்லாது. முனைவர் பட்டம், அதற்குப் பிந்தைய ஆய்வு, முதல் நிரந்தர வேலை, பிள்ளைப்பேறு ஆகியவை பெரும்பாலும் ஒரே பத்தாண்டுக்குள் வந்து நெருக்குகின்றன. அந்த நெருக்கடியின் சுமை பெண்கள்மீதே கூடுதலாக விழுகிறது.

2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. ஆய்வகத்தில் இழப்பு 26 வாரத்தோடு நிற்பதில்லை. மரபணு மாற்றிய சுண்டெலிகளை வைத்து ஆய்வு செய்பவரை எண்ணிப் பாருங்கள். கவனிக்க ஆளின்றி அந்த எலிக் கூட்டம் கலைந்துபோனால், திரும்பி வந்ததும் முதலிலிருந்து வளர்க்க வேண்டும். சினைக்காலம் சுமார் 3 வாரம். குட்டி இனம் பெருக்கும் பருவத்துக்கு வர 6 முதல் 8 வாரம். மூன்று தலைமுறை தேவையென்றால் ஏழெட்டு மாதம் போய்விடும். கட்டுரை அதற்குப் பிறகுதான். இந்தக் காலம் முழுவதும் விருதுக்கான வயது மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும்.

நம் விதிகள் இதை ஓரளவு உணர்ந்தே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்டத்துக்கான உச்சக் கால வரம்பில் பெண்களுக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பும், 240 நாள்வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் அளித்தது. ஆராய்ச்சியை இடையில் விட்டவர்கள் திரும்புவதற்கென அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் விஞ்ஞானிகள் திட்டத்தை நடத்திவந்தது. பட்டம் முடிக்க இரண்டு ஆண்டு கூடுதலாகத் தந்த பிறகு, விருதுக்கு வரும்போது அதே இரண்டு ஆண்டைக் கணக்கில் கழிக்காமல் விடுவது முரண். 2023இல் அறிவிக்கப்பட்ட விக்ஞான் யுவா விருதும் 45 வயது என்ற வரம்பைத்தான் வைத்திருக்கிறது.

சலுகை கொடுத்தால் தரம் குறையும் என்போர் உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் தொடக்கநிலை நிதிநல்கையைப் பார்க்கலாம். அங்கே தகுதிக் காலம் முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தாயாக இருப்பவருக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் கூடும். ஆய்வின் தரத்தை மதிப்பிடும் அளவுகோலில் ஒரு மயிரிழையும் தளர்வதில்லை. மாறுவது எண்ணத் தொடங்கும் புள்ளி மட்டுமே. நம் கல்விக்கழகங்கள் இதை நாளையே ஏற்கலாம். விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதி கேட்கும் கட்டத்துக்குப் பதில் முனைவர் பட்டம் பெற்ற தேதியையும், ஆய்விலிருந்து விலகியிருந்த மாதங்களையும் கேட்டால் போதும்.