யாரும் தள்ளாத குண்டு

லியோன் ஃபூக்கோ டாக்டருக்குப் படிக்கப் போனவர். ரத்தத்தைக் கண்டால் ஆகாது என்று பாதியில் விட்டார். பிறகு பத்திரிகையில் அறிவியல் செய்திகள் எழுதினார். கணிதத்தில் பெரிய புலமை கிடையாது. கைவேலையில் மட்டும் அபாரத் தேர்ச்சி. பாரிஸில் தாயாரோடு வசித்த வீட்டின் நிலவறையில், 1851 ஜனவரியில், 2 மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். முதல் தடவை கம்பி அறுந்தது. வேறு கம்பி கட்டினார். ஜனவரி 8, விடிய இன்னும் பல மணி நேரம் இருக்கும்போது, குண்டு ஆடும் திசை மெல்லத் திரும்பியிருப்பதைப் பார்த்தார். மணி இரண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

இந்தத் திரும்பல் அவருக்கு முன்பே பிறர் கண்ணில் பட்டதுதான். கலிலியோவின் சீடர் விவியானி 1661இலேயே ஃபிளாரன்ஸில் இதைக் கவனித்திருக்கிறார். பூமி சுழல்வதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவில்லை. 1830களில் புவாசோன் என்ற பெரிய கணித மேதை கணக்கே போட்டுப் பார்த்து, ஊசலில் இந்த விலகல் தெரியவே தெரியாது, அவ்வளவு சின்னது என்று ஒதுக்கிவிட்டார். ஓர் ஆட்டத்தின் விலகல் அற்பம்தான். ஆனால் அடுத்த ஆட்டத்தின் விலகல் அதோடு சேரும், அதற்கடுத்ததும் சேரும். மேதை கோட்டைவிட்டதை நிலவறைக்காரர் பிடித்துவிட்டார்.

பிப்ரவரி 3ஆம் தேதி ஊசல் பாரிஸ் வானாய்வகத்துக்கு ஏறியது. அங்கே 11 மீட்டர் கம்பி. பூமி சுற்றுவதைப் பார்க்க வாருங்கள் என்று ஊர் விஞ்ஞானிகளுக்கெல்லாம் அழைப்பு போயிற்று. செய்தி லூயி நெப்போலியன் காதுக்கு எட்டியது. அப்போது அவர் குடியரசின் தலைவர். பாந்தியோன் மண்டபத்திலேயே செய்து காட்டுங்கள் என்று உத்தரவிட்டார். மார்ச் மாதக் கடைசியில் அதன் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பி இறங்கியது. நுனியில் 28 கிலோ குண்டு. உள்ளே ஈயம், மேலே பித்தளை. ஈயத்தின் அடர்த்தியால் குண்டின் விட்டம் ஒரு சாண்கூட இல்லை.

குண்டை எப்படி ஆட விட்டார்கள் என்பது முக்கியம். கையால் விட்டால் விரல் எங்காவது பக்கவாட்டில் தட்டிவிடும். அப்புறம் திசை திரும்பியது பூமியாலா விரலாலா என்று வாதம் வரும். அதனால் குண்டை ஒரு பக்கம் இழுத்து நூலால் கட்டி, அது முழுதாக அசைவற்று நிற்கும்வரை காத்திருந்து, நூலைத் தீயிட்டு எரித்தார்கள். நூல் பொசுங்கியதும் குண்டு தானாகப் புறப்பட்டது. போய்த் திரும்ப 16 விநாடிக்குச் சற்று மேல். ஆட்டத்தின் இரு கோடியிலும் ஈரமணலில் சின்ன வரப்பு. குண்டுக்கு அடியில் இருந்த முள் ஒவ்வொரு முறையும் அந்த வரப்பைக் கீறியது. ஒவ்வொரு கீறலும் முந்தைய கீறலிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி விழுந்தது. கூட்டம் நின்றபடியே அதைப் பார்த்தது.

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 பாகை. இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் ஃபூக்கோ கண்டு சொன்னார். துருவத்தில் ஒரு நாளில் ஒரு முழுச்சுற்று. நிலநடுக்கோட்டில் திரும்பலே இல்லை. பாரிஸில் முழுச்சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். டெல்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் ஊசலுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம். கன்னியாகுமரியில் ஒன்றைக் கட்டினால் ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும்.

சரி, குண்டைப் பக்கவாட்டில் திருப்பியது யார்?

இதற்கான சூத்திரம் 1835இலேயே கொரியாலிஸ் கையில் இருந்தது. அவர் யோசித்தது பூமியைப் பற்றி அல்ல, நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் எந்திரங்களைப் பற்றி. சுழலும் ஒன்றின் மேல் நின்று கணக்குப் போடுகிறவர் கூடுதலாகச் சில விசைகளைச் சேர்த்துக்கொண்டால்தான் விடை சரியாக வரும் என்று அவர் காட்டினார். நிலவறை ஊசல் ஆடியபோது அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சூத்திரத்தைப் பாந்தியோன் குண்டுக்குப் போட்டுப் பாருங்கள். குண்டு அதிவேகமாகப் போகும் நடுப்புள்ளியில்கூடப் பக்கவாட்டு விசை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குத்தான் சமம். நம் பழைய தட்டான் கணக்கில் மூன்று குன்றிமணி. 28 கிலோவை அதுதான் திருப்பிக்கொண்டிருந்தது.

விசை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் கேட்கிறது. கம்பி குண்டை மேலே இழுக்கிறது. குண்டு கம்பியைக் கீழே இழுக்கிறது, அந்தப் பாரத்தைக் குவிமாடம் தாங்குகிறது. பூமி குண்டை இழுக்கிறது. குண்டும் தன் பங்குக்குப் பூமியை இழுக்கிறது. இந்த மூன்று குன்றிமணியைக் கொடுத்தது எது? காற்று இல்லை, காந்தம் இல்லை, கம்பியும் இல்லை. எதிர்விசை வாங்கிக்கொள்ளவும் எவரும் இல்லை. தென் துருவத்தில் 2001இல் ஆய்வாளர்கள் ஓர் ஊசல் கட்டி ஆட்டிப் பார்த்தார்கள்; அங்கே கதை இன்னும் தெளிவு. விண்மீன்களோடு வைத்துப் பார்த்தால் குண்டு ஆடும் திசை மாறவே இல்லை, தரைதான் அடியில் சுழல்கிறது. தரையோடு சேர்ந்து சுழல்கிறவர் கணக்கில் மட்டும் அந்த விசை வந்து உட்காருகிறது. நம் பிளஸ் ஒன் புத்தகம் இத்தகையவற்றைப் போலி விசை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

போலி என்றதும் மாணவர்கள் அதை இல்லாத ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். வங்கக் கடல் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றுவது இதே கொரியாலிஸ் விசையின் கணக்கில்தான். 2018இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் சாய்த்த தென்னைகளிடம் போய் அது போலி என்று சொல்ல முடியாது. மரத்தைத் தள்ளிய காற்று நிஜம். அந்தக் காற்று வளைந்த கணக்கில்தான் கொடுப்பவர் பெயர் இல்லை.

குண்டின் கதைக்கு வருவோம். 1851 டிசம்பர் 2ஆம் தேதி அதே லூயி நெப்போலியன் நாடாளுமன்றத்தைக் கலைத்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். பாந்தியோன் மறுபடியும் தேவாலயம் ஆனது; ஊசலுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. 1855 உலகப் பொருட்காட்சியில் ஃபூக்கோ ஓர் ஊசலை மின்காந்த உதவியோடு ஓயாமல் ஆடவைத்தார். பாந்தியோன் குண்டு பாரிஸின் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனது. அது பழைய துறவியர் மடம் ஒன்றின் கட்டடம். 1902இல் பாந்தியோனில் மீண்டும் ஓர் ஊசல் கட்டினார்கள். 1988இல் உம்பெர்த்தோ எக்கோ அருங்காட்சியக ஊசலின் பெயரையே வைத்து ஒரு நாவல் எழுத, அறிவியலில் ஆர்வமில்லாதவர்களும் அதைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

குண்டு அருங்காட்சியகத்தில் இருந்த காலத்தில்தான் விவகாரம் வேறு பக்கம் திரும்பியது. போலி விசைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: நிறைக்கு ஏற்ற அளவிலேயே வரும். குண்டு 56 கிலோவாக இருந்தால் அந்தப் பக்கவாட்டு விசையும் இரட்டிப்பாகும். திரும்பும் வேகம் அப்படியே இருக்கும். மின்விசையோ காந்தவிசையோ இப்படி நடந்துகொள்ளாது. நிஜ விசை என்று நாம் நம்பியவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இந்தக் குணம்: ஈர்ப்பு. கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழுவது அதனால்தான். 1907இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டீன், விழுந்துகொண்டிருக்கும் மனிதனுக்குத் தன் எடையே தெரியாது என்ற யோசனையில் மாட்டிக்கொண்டார். 1915இல் கணக்கு முடிந்தபோது ஈர்ப்பும் கொரியாலிஸ் இருந்த பட்டியலுக்குப் போய்விட்டது.

முழுதாக அல்ல. சுழலாத இடத்தில் போய் நின்றால் கொரியாலிஸ் விசை அடியோடு மறையும். ஈர்ப்பை அப்படித் துடைக்க முடியாது. விழும் பெட்டிக்குள் அது மறையலாம். பூமியின் மறுபக்கத்தில் விழும் பெட்டி எதிர்த் திசையில் விழும். இரண்டையும் ஒரே பார்வையில் அடக்க வழியில்லை. அந்த மிச்சத்தைத்தான் ஐன்ஸ்டீன் காலவெளியின் வளைவு என்றார். ஆகவே பாடப்புத்தகங்கள் ஈர்ப்பை நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றாக வைத்திருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதை விசை என்று ஒரு வகுப்பிலும் வளைவு என்று மேல் வகுப்பிலும் சொல்லும்போது, ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

2010 ஏப்ரல் 6ஆம் தேதி அருங்காட்சியகத்தில் கம்பி அறுந்தது. குண்டு சலவைக்கல் தரையில் விழுந்தது. தரையும் சேதம், குண்டும் சேதம். பித்தளையில் விழுந்த நசுங்கலை இனிச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பி அறுந்ததற்கும் தரையைத் தொட்டதற்கும் இடைப்பட்ட அந்த இமைப்பொழுதில் குண்டின் மேல் இருந்த விசை எது? குண்டின் முழு எடையும் அதை இழுத்தது என்பார் நியூட்டன். எதுவுமே இல்லை, குண்டு சும்மாதான் இருந்தது, கட்டடத்தோடு சேர்ந்து தரைதான் எழும்பி வந்து அதை அடித்தது என்பார் ஐன்ஸ்டீன். கம்பி அறுவதற்கு முன்பும் அவர் கணக்கில் கம்பியின் இழுப்பு ஒன்றுதான் நிஜம். சலவைக்கல் கொடுத்த அடியில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொடுத்தது கல், வாங்கியது குண்டு, குண்டு திருப்பிக் கொடுத்ததற்குத் தரை சாட்சி. நசுங்கிய குண்டை அருங்காட்சியகம் தனிப்பெட்டியில் வைத்துவிட்டது. பக்கத்தில் வேறொரு குண்டு ஆடுகிறது.