சிற்றாலயப் பாலம்

சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் நகரில், ஏரியை விட்டு ரோய்ஸ் ஆறு புறப்படும் இடத்தில் கூரையிட்ட மரப்பாலம் ஒன்று உண்டு. அருகிலுள்ள புனித பேதுரு சிற்றாலயத்தின் பெயரால் அதனைச் ‘சிற்றாலயப் பாலம்’ என்பர். 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது அது. நாம் அண்ணாந்து பார்த்தவாறு மெல்ல நடக்கையில், காய்கறிப் பை சுமந்த உள்ளூர்ப் பெண்கள் நம்மை ஒதுக்கிக்கொண்டு விரைந்தார்கள். அவர்களுக்கு அது இரயில் நிலையத்திற்கும் பழைய நகருக்கும் இடையே உள்ள நடைவழி, அவ்வளவே.

பாலம் கரைக்குக் கரை நேராகச் செல்லவில்லை. சாய்ந்தும் வளைந்தும் போகிறது. நகர்க் காவலின் ஓர் உறுப்பாகவே முன்னோர் அதை அமைத்தனர். நடுவில் நீரில் நிற்கும் எண்கோணக் கோபுரம் பாலத்தினும் மூத்தது. கருவூலமாகவும் சிறையாகவும் பயன்பட்டது.

மரத்திற்கு மழை பகை, ஆகவே கூரை. அக்கூரையின் அடியில் அமைந்த முக்கோண இடைவெளிகளில் 17ஆம் நூற்றாண்டில் ஓவியப் பலகைகள் ஏறின. வரைந்தவர் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மன். கத்தோலிக்க மறுமலர்ச்சி ஓங்கிய காலம் அது. நகரின் வரலாற்றோடு, அதன் பாதுகாவலர்களான புனித லெயோதெகார், மறைசாட்சி புனித மொரீசியஸ் ஆகியோரின் வாழ்வும் அங்கே இடம் பெற்றது. பொருள் உதவிய மன்றத்தார் தம் குலச்சின்னங்களையும் பலகைகளில் பொறித்துக்கொண்டனர்! நம் ஆலயங்களின் உபயப் பலகைகள் நினைவுக்கு வராமல் இல்லை.

1993 ஆகஸ்டு 18ஆம் நாள் அதிகாலைக்குள் எல்லாம் மாறிற்று. பாலத்தின் பெரும்பகுதியோடு ஓவியங்களில் மிகப் பலவும் எரிந்தன. மழையைத் தடுத்த கூரை தீக்கு உணவாயிற்று. கோபுரமும் இரு முனைகளை ஒட்டிய பகுதிகளும் தப்பின. எட்டே மாதங்களில், 1994 ஏப்ரல் 14 அன்று, பாலம் மீண்டும் மரத்தாலேயே எழுந்து திறக்கப்பட்டது. மரம் கிடைத்தது, தச்சர் கிடைத்தனர், வேக்மன் கிடைக்கவில்லை.

பிரதிகளை எழுதி மாட்டலாம் என்று வாதிட்டோர் உண்டு. அவர்கள் ஆதங்கம் நமக்குப் புரிகிறது. ஆயினும், புதுத் தூண்களுக்கு மேலே ஓவியமின்றி நிற்கும் அந்த முக்கோணங்களையே நாம் நெடுநேரம் பார்த்து நின்றோம். முனையை அடைந்ததும் மறுபடி வண்ணம் தொடங்குகிறது. புகை தொடாத பலகையில் பழைய முகங்கள். கீழே மக்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தனர்.