பன்னீர்த் திராட்சையும் ஓர் ஆண்டுக் கணக்கும்



தமிழகத்தின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்செய்தியைப் பாலோவில் என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இத்திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டு வந்தார் என்று அதில் இருந்தது. அதை அப்படியே வெண்பலகையில் எழுதினேன். மாணவர்களும் எழுதிக்கொண்டனர்.

பின்னர் அத்திராட்சையின் பிறப்பைப் பற்றிப் படித்தபோது திகைத்தேன். உலக வழக்கில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்காரர் உருவாக்கிய வகை அது! அதன் பெற்றோர் இரண்டையும் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியுள்ளது. ஒன்று, மணம் மிகுந்த அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றொன்று ஸ்கியாவா குரோசா. இது இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியிலும், ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் வட்டாரத்திலும் வைன் தயாரிக்கப் பயிரிடப்படுவது. இங்கிலாந்தின் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட இவ்வகைக் கொடி, கண்ணாடிக் கூடத்தினுள் இன்றும் காய்க்கிறது.

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடையே உண்டு. கம்பத்தில் பனிக்காலம் இல்லை. உழவர்கள் கொடியைக் கவாத்து செய்து துளிர்க்க வைக்கின்றனர். தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்துக் காலம் மாறுவதால் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது.

பிறவாத திராட்சையை 1832இல் எவ்வாறு கொண்டு வந்திருக்க முடியும்? மறு வாரம் வகுப்பில் என் தவற்றைக் கூறி, இதே வினாவைக் கேட்டேன். “பாதிரியார் வேறு திராட்சையைக் கொண்டு வந்திருப்பார், டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. “ஆண்டு தவறாக இருக்கும்” என்றான் மற்றொருவன். இரண்டுமே ஏற்கத்தக்க விடைகள். 1832க்கு அருகில் ஒரு கேள்விக்குறி இட்டோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் அடுத்துக் குடும்ப வரலாறு எழுதவிருக்கின்றனர். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய ஆண்டைக் கேட்டு வருவார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். அத்துடன் பழைய பிறப்புப் பத்திரமோ கடப்பிதழோ வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். ஆண்டு பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு கேள்விக்குறி போதும்.