பழைய பெட்டி

லாக்கின் 'மனித அறிவு பற்றிய கட்டுரை'யைக் கடைசிவரை படிக்கிறவர்கள் குறைவு. இரண்டாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு நானும் தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தேன். எண்ணங்களின் சேர்க்கை பற்றிய அத்தியாயம் அது. முதல் மூன்று பதிப்புகளில் இல்லை. 1700ல், நான்காம் பதிப்பில் சேர்த்தார்.

அதில் ஒரு இளைஞன் வருகிறான். நடனத்தில் தேர்ந்தவன். அவன் ஆடக் கற்ற அறையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. பிறகு வேறு எந்த அறையிலும், அந்தப் பெட்டியோ அதுபோல் இன்னொன்றோ உரிய இடத்தில் இருந்தால்தான் அவனால் சரியாக ஆட முடிந்தது. லாக் வைத்தியம் படித்தவர். இதை நோய்க்குறியாகவே சொல்கிறார். பொருள்களுக்குள் இருக்கிற உறவைப் பின்பற்றி எண்ணங்கள் சேர்ந்தால் அது அறிவு. தற்செயலும் பழக்கமும் முடிச்சுப் போட்டுவிட்டால் அது ஒருவகைப் பைத்தியம். இந்தப் பைத்தியம் கொஞ்சமும் இல்லாதவர் அநேகமாக யாருமில்லை என்கிறார்.

நாற்பது வருஷங்களுக்குள் இந்த நோய் விதியாகிவிட்டது. 1739ல் ஹ்யூம் வெளியிட்ட 'மனித இயற்கை பற்றிய ஆய்வு' மூன்று இணைப்புகளைச் சொல்கிறது: ஒப்புமை, இடத்திலோ காலத்திலோ அண்மை, காரண காரியம். பல வருஷங்கள் இவற்றை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் இருக்கிற வெடிமருந்து கண்ணில் படவில்லை. ஒரு பந்து மோதுகிறது, இன்னொன்று நகர்கிறது. நடுவில் 'நகர்த்தும் சக்தி' என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பலமுறை பார்த்த பழக்கத்தில் மனசு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் லாக் பிரித்துவைத்த இரண்டு வகைகளுக்கும் நடுவே இருந்த சுவர் என்னாகும்? காரணத்தைத் தேடும் நியூட்டனும் பெட்டியைத் தேடும் நடனக்காரனும் ஒரே பழக்கத்தின் பிள்ளைகள். நல்ல பழக்கத்தையும் கெட்ட பழக்கத்தையும் பிரிக்க விதிகள் தருகிறார் ஹ்யூம், ஆனால் அந்த விதிகளும் பழக்கத்திலிருந்து வந்தவைதான்.

புத்தகம் விலைபோகவில்லை. 1740ல் தன் நூலுக்குத் தானே, பேர் போடாமல், வேறு யாரோ எழுதியதுபோல ஒரு சுருக்கம் எழுதி வெளியிட்டார். (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.) ஆசிரியரை எதற்காவது கண்டுபிடிப்பாளர் என்று அழைக்கலாமென்றால் அது எண்ணச் சேர்க்கையை அவர் பயன்படுத்திய விதத்துக்காகத்தான் என்று அதில் எழுதிக்கொண்டார். ஆடம் ஸ்மித் எழுதியதாகக் கருதப்பட்டுவந்த இந்தப் பிரசுரம் ஹ்யூமினுடையதே என்று கீன்ஸும் ஸ்ராஃபாவும் 1938ல் நிறுவினார்கள். ஆனால் அதே 1740ல், மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில், சிதறிய அனுபவங்களை 'நான்' என்று ஒன்றாகக் கட்டுவது எது என்று தனக்கு விளங்கவில்லை என ஒப்புக்கொள்கிறார். பெருமையையும் இந்த ஒப்புதலையும் சேர்த்துப் படித்த பிறகுதான் எனக்கு ஹ்யூம் மேல் பிரியம் வந்தது.

ஹார்ட்லி (1749) இதை மூளையின் அதிர்வுகளாக்கினார். கோல்ரிட்ஜ் அந்த மோகத்தில் 1796ல் பிறந்த மகனுக்கு ஹார்ட்லி என்றே பேர் வைத்து, 1817ல் அந்தக் கொள்கையையே தாக்கி எழுதினார். படிமங்கள் ஒன்றையொன்று இழுத்து வருவதே கவிதை என்று எழுதுகிறவர்கள் — நானும் எழுதியிருக்கிறேன் — அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். அப்படி வந்து சேர்வதை அவர் வெறும் புனைவு என்று தள்ளிவைக்கிறார். கற்பனை என்பது அவருக்கு வேறு காரியம்.

ஆனால் இந்தக் கொள்கைக்கு உடம்பால் விலை கொடுத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில்தான். அப்பா ஜேம்ஸ் மில், புகழ்ச்சியாலும் கண்டிப்பாலும் பொதுநன்மையோடு இன்பத்தைச் சேர்த்துக் கட்டி வளர்த்த பிள்ளை. 1826ல், இருபது வயதில், தன் லட்சியங்களெல்லாம் இந்தக் கணமே நிறைவேறினால் சந்தோஷப்படுவேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று பதில் வந்தது. அவர் சொல்லும் காரணம்: பழக்கம் கட்டியதை, பகுத்துப் பார்க்கும் பழக்கம் அரித்துவிட்டது. அப்பாவின் இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தின்றன. மார்மொன்தேலின் நினைவுக் குறிப்புகளில், தந்தை செத்த வீட்டில் ஒரு சிறுவன் குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பேன் என்று உணரும் இடத்தில் அழுதிருக்கிறார். 1828ல் வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தார்.

கொள்கையை மட்டும் விடவில்லை. எண்ணச் சேர்க்கையால் மனசு முழுவதையும் விளக்கி அப்பா 1829ல் வெளியிட்ட நூலை, தன் குறிப்புகளையும் சேர்த்து 1869ல் மறுபடி பதிப்பித்தார்.