பெட்டிக்குள்ள ஒரு அடுப்படி

சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வெளியே வந்ததும், "ஏலகிரி போலாமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அரை மணி நேரத்துல ஓரகடத்துலேர்ந்து கார் கிளம்பிடுச்சு. அங்க போய்ப் பார்த்தா அரிசி இருக்கு, குக்கர் இருக்கு, தீப்பெட்டி இல்ல. நாலு பேருக்கும் அன்னைக்கு பிஸ்கட்தான்.

இந்தச் சிக்கலுக்கு 1866லயே டெக்சஸ்ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சார்லஸ் குட்நைட்னு ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். மந்தையை வாரக்கணக்கா ஓட்டிட்டுப் போறவங்களுக்குச் சோறு போடணும். ராணுவம் கழிச்ச வண்டி ஒண்ணை வாங்கி, பின்பக்கம் ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். காபி, பீன்ஸ், மாவு எல்லாத்துக்கும் தனித்தனி அறை. மூடியைக் கீழே சாய்ச்சா அதுவே மேசை. சமையல்காரரைக் கேட்காம யாரும் அதுல கை வைக்க முடியாது. எனக்குப் பிடிச்சதே அந்த விதிதான்.

நம்ம பாட்டிங்க வேற மாதிரி யோசிச்சாங்க. வழியில தீயே தேவைப்படாத கட்டுச்சோறு. புளிச்சோறு ஒரு நாள் தாங்குமே!

தீயையும் தூக்கிட்டுப் போகலாம்னு ஆனது 1892ல. ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட் செஞ்ச ப்ரைமஸ்தான் நம்ம வீட்டு பம்பு ஸ்டவ்வுக்கு முன்னோடி. 2013ல இங்க 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குக்கு வந்துச்சு. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். வெளியூர்லேர்ந்து வந்து ரூம் எடுத்துத் தங்குற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய விஷயம்.

இப்போ எங்க பெட்டியில சின்ன அடுப்பு, குக்கர், கத்தி, உப்பு, ரெண்டு தீப்பெட்டி. ரூம் சமையலுக்கு அதைத் திறக்கக் கூடாது. நேத்து பார்த்தேன், உப்பைக் காணோம்.